வேலை போன முதல் வாரங்களில் செய்யக் கூடாதவை

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்குறைப்பு பெரும்பாலும் அந்தப் பெயரில் வருவதில்லை. மனிதவளத் துறையினர் ஊழியரைத் தனியே அழைத்து, அவராகவே ராஜினாமா செய்தால் அனுபவச் சான்றிதழில் குறையிருக்காது என்று கனிவாகச் சொல்லி, மாலைக்குள் பதில் கேட்பார்கள். பதற்றத்தில் அங்கேயே கையெழுத்திடுவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய தவறு.

காரணம் எளியது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமும், அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்பு செய்வதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியமும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்கின்றன. சட்டம் கணக்கில் எடுக்கும் ஊதியம் மாதம் 60,000 ரூபாயாக இருந்து, ஆறு ஆண்டுகள் பணியாற்றியிருந்தால், இழப்பீடு மட்டும் ஏறத்தாழ 1,80,000 ரூபாய். தானாக விலகியவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. பிறரை மேற்பார்வையிடும் மேலாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாகப் பொருந்தாது என்றாலும், கணினித் துறையினர் எல்லோருமே தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை பிழையானது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும் என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்தியது.

ராஜினாமாவே கூடாது என்பதில்லை. நிறுவனம் தர முன்வரும் தொகை சட்டப்படியான இழப்பீட்டைவிடக் கணிசமாக அதிகமென்றால் அதை ஏற்பது புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தத் தொகை எழுத்தில் வர வேண்டும். இரண்டு நாள் அவகாசம் கேட்டு, கணக்குப் பார்த்து, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்து. கட்டாயத்தின்பேரில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்கள், நடந்ததை உடனே மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டு, தொழிலாளர் துறையின் சமரச அலுவலரைத் தாமதமின்றி அணுக வேண்டும். பணிக்கொடையை (கிராஜுவிட்டி) மட்டும் ராஜினாமா பறித்துவிடாது. ஐந்தாண்டு நிறைந்தவருக்குக் சட்டம் கணக்கில் எடுக்கும் கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்கிவரும் தொகை 30 நாளுக்குள் வர வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணியாற்றியிருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், சில மாதக் குறைவுக்காக அதைக் கைவிடத் தேவையில்லை.

அலுவலக மடிக்கணினியை ஒப்படைத்த பிறகுதான் பலருக்குச் சம்பளச் சீட்டுகளின் நினைவு வருகிறது. சம்பளச் சீட்டு, வருமான வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16, நியமனக் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் நிரல்களையோ வாடிக்கையாளர் தரவுகளையோ நகலெடுப்பது வேறு விஷயம். அது வழக்கில் கொண்டுபோய் விடும்.

மருத்துவக் காப்பீட்டை மறப்பது சத்தமில்லாத தவறு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசிப் பணிநாளோடு முடிந்துவிடுகிறது. அதில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள பெற்றோரும் சேர்ந்திருப்பார்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு. அப்படி மாறும்போது ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். புதிதாக எடுத்தாலோ, முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே விண்ணப்பம் பணியில் இருக்கும்போதே போக வேண்டும்.

வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுக்கக்கூடியதையெல்லாம் முதல் மாதமே எடுத்துவிடுவதும் நல்லதல்ல. ஐந்தாண்டு தொடர்பணிக்கு முன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மாதங்களை ஓட்டுவது அதைவிட மோசம், ஏனெனில் அந்த வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 36 விழுக்காட்டுக்கும் மேல். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் எவ்வளவோ மேல். கௌரவம் பார்க்க இது நேரமில்லை. வீட்டுக்கடன் தவணை 90 நாள் நிலுவையானால் வாராக்கடனாகிவிடும் என்பதால், முதல் தவணை தவறும் முன்பே வங்கியிடம் பேசிவிட வேண்டும். இவற்றையெல்லாம் வீட்டுக்குத் தெரியாமல் செய்ய முயல்பவர்கள், காலையில் வழக்கம்போல் பையோடு கிளம்பிப் போவதிலேயே பாதிச் சக்தியை இழக்கிறார்கள்.

வேலை தேடலில், ஒரே தன்விவரக் குறிப்பை நூறு இடங்களுக்கு அனுப்புவதால் பலன் குறைவு. முன்னாள் சகாக்களிடம் வெளிப்படையாகச் சொல்லி வைத்தால், பரிந்துரை மூலம் நேர்காணல் வரை போக முடியும். இடைவெளியை மறைக்கப் போலி அனுபவச் சான்று வாங்குவது தற்கொலைக்குச் சமம்; வைப்பு நிதிக் கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவாகியிருக்க, பின்புலச் சரிபார்ப்பில் அது அகப்பட்டுவிடும். வேலைக்காக முன்பணம் கேட்கும் எவரும் மோசடிக்காரர் என்றே கொள்ளலாம். கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு 2022இல் மீட்கப்பட்டார்கள். வெளிநாட்டு வாய்ப்பென்றால் முகவர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்த பின்பே கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும், மணிக்கணக்கில் தாமதித்தால் அந்தப் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும்.