நிக்கொட்டின் பட்டையும் சுவிங்கமும்: இதய நோயாளர் பயன்படுத்தும் முறை

திருகோணமலையில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று, துண்டு வெட்டிக்கொண்டு வீடு திரும்பும் ஒருவரிடம் வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவது, இனி ஒரு சிகரெட்டும் கூடாது என்பதே. அதற்குத் துணையாக, சிகரெட்டில் அடிமையாக்கும் நிக்கொட்டினைப் புகையில்லாமல் சிறிதளவில் தந்து ஏக்கத்தைத் தணிக்கும், தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டையோ மெல்லும் சுவிங்கமோ பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், "அதை ஒட்டின ஒராளுக்கு அட்டாக் வந்ததாம்" என்ற கதையும் கூடவே வந்துவிடுகிறது. அக்கதையை நம்பிப் பட்டையைக் கைவிடுகிறவர் மறுபடியும் சந்திக் கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கினால், சிறிய ஆபத்துக்குப் பயந்து பெரிய ஆபத்திடம் திரும்பிப் போனவராகிறார்.

கதைக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1992ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில், பட்டையை ஒட்டிக்கொண்டு சிகரெட்டும் பிடித்த சிலருக்கு மாரடைப்பு வந்ததாகச் செய்தி பரவியது. அதன் பின்னரே இவ்விடயம் முறையாக ஆராயப்பட்டது. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே இதய நோயுள்ள 584 பேரில் ஒரு பகுதியினருக்கு நிக்கொட்டின் பட்டையும் மற்றையோருக்கு மருந்தில்லாத போலிப் பட்டையும் கொடுத்துப் பார்த்தபோது, உண்மைப் பட்டை ஒட்டியவர்களிடம் கடுமையான இதய நிகழ்வுகள் கூடவில்லை. 2005இல் பிரித்தானிய மருத்துவப் பதிவுகளில் இருந்து 33,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னும் தெளிவானது: மாரடைப்புகள் குவிந்திருந்தது நிக்கொட்டின் மருந்து எழுதப்பட்டதற்கு முந்திய வாரங்களில்தான், பிந்திய வாரங்களில் அல்ல. நெஞ்சு நோ வந்து பயந்த பிறகுதானே பலரும் சிகரெட்டை விட நினைக்கிறார்கள்! பட்டை ஒட்டியவருக்கு அட்டாக் வந்தது என்ற பேச்சைக் கேட்கும்போது, அவர் அதை ஏன் ஒட்ட நேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

இதனால் நிக்கொட்டினுக்கு இதயத்தின்மேல் வேலையே இல்லை என்று ஆகிவிடாது. அது நாடித்துடிப்பையும் குருதி அழுத்தத்தையும் சற்று உயர்த்தும். குருதிக் குழாய்களைச் சுருக்கும். 2014இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், இம்மருந்துகளைப் பயன்படுத்துவோரிடம் நெஞ்சுப் படபடப்பும் வேகமான துடிப்பும் கூடுவதைக் கண்டார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தெளிவாகக் கூடியதைக் காணவில்லை. சிகரெட்டின் கதை வேறு. அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட் குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புகையின் ஏனைய நச்சுகள் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கி, குருதி உறைந்து கட்டியாவதை எளிதாக்குகின்றன. அத்தோடு, புகையில் வரும் நிக்கொட்டின் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடும். பட்டையிலிருந்து வருவதோ தோலினூடாகப் பல மணிநேரமெடுத்து, குறைந்த அளவிலேயே ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் இந்த நிக்கொட்டின் மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியது, கிளினிக் கொப்பியையும் வீட்டில் உள்ள மருந்துகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு வைத்தியரைச் சந்திப்பதுதான். மாரடைப்பு வந்து இரண்டு கிழமைகள் ஆகாதவர்கள், பாரதூரமான துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு நோ வருகின்றவர்கள் அல்லது அந்நோ நாளுக்கு நாள் கூடுகின்றவர்கள் ஆகியோர் வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில்லாமல் இவற்றைத் தொடங்கக் கூடாது. ஏனைய இதய நோயாளர், நீரிழிவு அல்லது உயர் குருதி அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். கையில் இரண்டு மூன்று கிழமைக்கான இருப்பு வந்த பிறகு நிறுத்தும் நாளைக் குறிப்பது நல்லது. பட்டை முடிந்த அன்று பாமசியில் இல்லையென்றால், சிகரெட் மட்டும் எந்தக் கடையிலும் இருக்கும்.

ஒரு நாளைக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர்களுக்கு 24 மணிநேரப் பட்டைகளில் வழமையான முறை, 21 மில்லிகிராம் பட்டை ஆறு கிழமை, 14 மில்லிகிராம் இரண்டு கிழமை, 7 மில்லிகிராம் இரண்டு கிழமை என்பதாகும். 10 அல்லது அதற்குக் குறைவாகப் பிடித்தவர்கள் 14 மில்லிகிராமில் தொடங்குவார்கள். பயத்தினால் பட்டையைப் பாதியாக வெட்டி ஒட்டுவதும், இரண்டு நாளைக்கு ஒன்று என்று சிக்கனம் பிடிப்பதும் இதயத்தைக் காப்பாற்றப் போவதில்லை. எனது கருத்தில், அளவு கூடிப்போவதைவிட அளவு போதாமல் போவதே சிகரெட்டுக்குத் திரும்ப வைக்கும் பெரிய தவறு.

காலையில் குளித்து, தோலை நன்றாகத் துடைத்து உலர வைத்த பின், முடி குறைந்த மேற்கையிலோ மேல் முதுகிலோ பட்டையை வைத்து, உள்ளங்கையால் 10 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உடம்புக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கும் நாளில், எண்ணெய்ப் பசை முற்றாகப் போகாத இடத்தில் அது நிற்காது. ஒட்டிய பின் கையைக் கழுவ வேண்டும். அந்த விரலால் கண்ணைத் தொட்டால் எரியும். ஒரே இடத்தில் ஒரு கிழமைக்குள் மறுபடி ஒட்டக் கூடாது. நம் ஊரின் சித்திரை வெயிலில் வள்ளத்திலோ வயலிலோ நிற்பவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்: வியர்வை பட்டையின் ஓரத்தைக் கிளப்பிவிடும், சூடு தோலினூடாக நிக்கொட்டின் ஏறும் வேகத்தைக் கூட்டும். ஆகவே துணிக்குள் மறையும் இடத்தில் ஒட்டுவது உத்தமம். கனவுகள் தொல்லை கொடுத்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். கழற்றியதிலும் மருந்து எஞ்சியிருக்கும் என்பதால், ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் எறிய வேண்டும்.

சுவிங்கத்தில் தவறு விடுவது இன்னும் எளிது. எழும்பி 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2 மில்லிகிராம் பொருந்தும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மென்று, இப்படியே அரை மணிநேரம் வைத்திருக்க வேண்டும். விடாமல் மென்றால் நிக்கொட்டின் வயிற்றுக்குள் போய், விக்கலும் நெஞ்செரிவும் வரும். அந்த நெஞ்செரிவை மாரடைப்பென்று நினைத்துப் பதறியவர்களும் உண்டு. தேசிக்காய்ப் பானம், சோடா, கோப்பி ஆகியவற்றைக் குடித்து 15 நிமிடத்துக்குள் மென்றால் மருந்து வாயில் ஏறாது. ஒரு நாளைக்கு 24 துண்டுகளைத் தாண்டக் கூடாது.

புகையிலை போட்டு வெற்றிலை சப்புகின்றவர் அதை விடாமல் இச்சுவிங்கத்தையும் மென்றால், இரண்டு வழியாலும் நிக்கொட்டின் ஏறும். வெற்றிலைப் பழக்கத்தை வைத்தியரிடம் சொல்லப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிகரெட்டைப் பற்றிக் கேட்டால் சிகரெட்டுக்கு மட்டுமே பதில் வருகிறது. பட்டை ஒட்டியிருக்கும்போது மனம் தவறி ஒரு சிகரெட் பிடித்துவிட்டால், பட்டையைப் பிய்த்தெறிய வேண்டியதில்லை. சிகரெட்டை அணைத்துவிட்டுப் பட்டையைத் தொடர வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று, புகை நின்றதும் சில மருந்துகளின் அளவு உடம்பில் மாறும் என்பது. கல்லீரலைத் தூண்டி மருந்துகளை விரைவாக உடைக்க வைத்தது நிக்கொட்டின் அல்ல, புகை. ஆகவே ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபிலின், மனநோய்க்குத் தரும் குளோசபின் போன்றவற்றை எடுப்பவர்களுக்கு அவற்றின் அளவு குருதியில் உயரக்கூடும். குருதி உறைவதைத் தடுக்கும் வாபரின் எடுப்பவர்கள் குருதி உறையும் நேரத்தை மீண்டும் பார்ப்பிக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் சீனியின் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கபேயினும் இப்படியே தங்கிவிடும். நாளுக்கு ஆறேழு பிளேன்டீ குடிப்பவருக்கு வரும் கைநடுக்கமும் படபடப்பும் பட்டையின்மேல் பழியாக விழுவதுண்டு. தேநீரைப் பாதியாகக் குறைத்துப் பார்த்து, அப்படியும் தணியாவிட்டால் பட்டையின் அளவைக் குறைப்பது பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

ஆலோசனை வேண்டுவோர், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நடு நெஞ்சில் அழுத்தமான நோ வந்து, கைக்கோ தாடைக்கோ பரவினாலும், குளிர் வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தாலும், அது பட்டையாலா வேறெதாலா என்று வீட்டில் இருந்து யோசிக்கும் நேரம் அதுவல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கு நோவே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை ஏற்கெனவே தரப்பட்டிருந்தால் இருந்தபடி அதை வைத்து, ஐந்து நிமிடத்தில் நோ தணியாவிட்டால் தாமதிக்காமல் 1990 என்ற இலவச சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். அப்படியான மாத்திரை இல்லாதவர்கள் உடனேயே அழைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் தானே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் இருப்பவர்கள் நகரத்துப் பெரிய ஆசுபத்திரிக்கே போக வேண்டும் என்று நேரத்தைக் கடத்தாமல், முதலில் அங்குள்ள தள வைத்தியசாலைக்குப் போய் ஈசிஜி எடுப்பிக்கலாம். எங்கு போனாலும், உடம்பில் நிக்கொட்டின் பட்டை எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது சிகரெட் பிடித்தது ஆகியவற்றை அங்குள்ளவர்களிடம் உள்ளபடியே சொல்ல வேண்டும்.