இன்ஸ்டால் செய்யாத பைத்தானுக்குத் தன் பில்ட் டைரக்டரி எப்படித் தெரிகிறது?

பைத்தானைச் சோர்ஸிலிருந்து (அதாவது மூல நிரலிலிருந்து) கம்பைல் செய்தால், 'மேக்' (கம்பைல் வேலையை நடத்தும் கட்டளை) முடிந்த கையோடு, இன்ஸ்டால் செய்யாமலே அதை ஓட்டிப் பார்க்கலாம். அது உடனே வேலை செய்யும். தன் லைப்ரரி ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று அதற்கு யார் சொன்னது? லினக்ஸில் நீங்களே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

படி 1: சோர்ஸ் ஃபோல்டருக்குள் பில்ட் செய்யாதீர்கள். தனியாக ஒரு காலி டைரக்டரி உருவாக்கி (இதுதான் பில்ட் டைரக்டரி), அதற்குள் போய், சோர்ஸில் உள்ள கன்ஃபிகர் ஸ்கிரிப்டை (பில்டுக்கான அமைப்புகளைத் தயார் செய்வது) அதன் பாதையோடு ஓட்டுங்கள். அப்புறம் மேக். சோர்ஸுக்குள் ஏற்கெனவே பில்ட் செய்திருந்தால், சோர்ஸ் சுத்தமாக இல்லை என்று மேக் நின்றுவிடும். அங்கே போய் மேக் கிளீன் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படி 2: பில்ட் டைரக்டரியில் பைத்தான் பைனரிக்கு (ஓட்டக்கூடிய ஃபைலுக்கு) பக்கத்திலேயே 'பைபில்ட்டிர்' (pybuilddir.txt) என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். (ஆப்பிளின் மேக் கணினியில் அந்த பைனரியின் பெயர் இஎக்ஸ்இ என்று முடியும். பைத்தான் என்ற ஃபோல்டரும் சோர்ஸில் இருப்பதால், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத ஃபைல் சிஸ்டத்தில் இரண்டும் மோதும். அதைத் தவிர்க்கத்தான்.) அந்த டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தால் ஒரே வரிதான் இருக்கும்: சி மொழியில் எழுதிய மாட்யூல்கள் எந்த டைரக்டரியில் இருக்கின்றன என்ற பாதை.

பைத்தான் தொடங்கும்போது இந்த ஃபைலைத் தேடுகிறது. கிடைத்தால், "நான் இன்னும் பில்ட் டைரக்டரியில்தான் இருக்கிறேன்" என்று முடிவு செய்து, கன்ஃபிகர் ஓடியபோது பதிவான சோர்ஸ் பாதையிலிருந்து லைப்ரரியை எடுத்துக்கொள்கிறது. மேக் இன்ஸ்டால் இந்த ஃபைலைக் காப்பி செய்வதில்லை. அதனால் இன்ஸ்டால் ஆன பைத்தான் குழம்புவதில்லை.

படி 3: இதைச் சோதித்துப் பாருங்கள். விஷயம் மனதில் நிற்பது இங்கேதான். பைனரியை மட்டும் வேறொரு காலி டைரக்டரிக்குக் காப்பி செய்து ஓட்டுங்கள். அந்த 'பைபில்ட்டிர்' ஃபைல் பக்கத்தில் இல்லாததால், தான் இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக மேலே போய் லைப்ரரியைத் தேடும். கிடைக்காவிட்டால், கன்ஃபிகர் வைத்த ப்ரிஃபிக்ஸ் பாதைக்கு (இன்ஸ்டால் செய்ய வேண்டிய இடத்துக்கு) போகும். அங்கேயும் இல்லையென்றால் 'என்கோடிங்ஸ்' மாட்யூல் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ஆனால் ப்ரிஃபிக்ஸில் அதே பதிப்பு ஏற்கெனவே இருந்தால், அந்த லைப்ரரியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். நீங்கள் சோர்ஸில் செய்த மாற்றம் ஏன் பலிக்கவில்லை என்று அப்போது தேடிக்கொண்டிருப்பீர்கள். இதுதான் ஆபத்தான நிலை.

காப்பிக்குப் பதில் சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) வைத்தால் பிரச்சினை இல்லை. பைத்தான் லிங்க்கைப் பின்தொடர்ந்து உண்மையான இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

படி 4: உங்கள் ஸ்கிரிப்டில் இதைச் சோதிக்க வேண்டுமானால், பாதையில் 'பில்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். டைரக்டரிக்கு யார் எந்தப் பெயரும் வைக்கலாம். பைத்தானிடமே கேளுங்கள்: சிஸ்கன்ஃபிக் மாட்யூலை இம்போர்ட் செய்து, 'ஈஸ் பைத்தான் பில்ட்' ஃபங்ஷனை அழையுங்கள் (சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர்). பில்ட் டைரக்டரியில் ட்ரூ, இன்ஸ்டால் ஆனதில் ஃபால்ஸ். எந்தச் சோர்ஸிலிருந்து வந்தது என்றும் தெரிய வேண்டுமா? சரி, அதே மாட்யூலின் 'கெட் கன்ஃபிக் வார்' ஃபங்ஷனுக்கு 'எஸ்ஆர்சிடிர்' என்ற பெயரைக் கொடுங்கள். பில்ட் டைரக்டரியில் ஓடும் பைத்தானில் சோர்ஸின் பாதை வந்துவிடும்; இன்ஸ்டால் ஆனதில் அது சோர்ஸைக் காட்டாது.