உளவுப் படங்களைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் உளவுப் படத்தைப் பார்த்துவிட்டு “ஒன்றுமே நடக்கவில்லையே” என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. இன்னொரு படத்துக்கு “காதில் பூ சுற்றுகிறார்கள்” என்பார்கள். பெரும்பாலும் இந்த இரண்டு புகாரிலும் படத்தின் மேல் குற்றமில்லை. முதல் படம் பரபரப்புக் காட்ட வந்ததே இல்லை. இரண்டாவது படம் தன்னை நம்பச் சொல்லிக் கேட்கவே இல்லை. என்னை எவ்வளவு தூரம் நம்ப வேண்டும் என்பதை ஒரு நல்ல உளவுப் படம் ஆரம்பக் காட்சிகளிலேயே சொல்லிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தடுத்த தவறுகள் தானாக வந்து சேரும்.

அவற்றில் பெரியது, எல்லாவற்றையும் ஜேம்ஸ் பாண்டை வைத்து அளப்பது. 1962-இல் ‘டாக்டர் நோ’ வந்தபோது உளவுப் படம் என்ற வகைக்கு ஏற்கெனவே வயதாகியிருந்தது. ஃப்ரிட்ஸ் லாங் 1928-லேயே ஜெர்மனியில் ‘ஷ்பியோனே’ என்ற மௌனப் படத்தை எடுத்திருந்தார். அதன் நாயகனுக்குப் பெயர் கிடையாது, 326 என்ற எண்தான். உலகை ஆட்டிவைக்கும் வில்லன், எதிரணியில் அழகான பெண் உளவாளி, எல்லாமே அதில் உண்டு. ஹிட்ச்காக் 1935-இல் வேறு பாதையில் போனார். ‘தி 39 ஸ்டெப்ஸ்’ படத்தில் உளவுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவன் மாட்டிக்கொண்டு ஓடுகிறான். 1959-இல் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் அதையே இன்னும் குறும்பாகச் செய்தார். இல்லாத ஓர் உளவாளி என்று தவறாக நினைத்து ஒரு விளம்பரக்காரரைத் துரத்துகிறார்கள். பாண்டுக்கு முன்பே இரண்டு வழிகள் இருந்தன: திறமைசாலியின் கதை ஒன்று, அப்பாவியின் கதை இன்னொன்று.

இந்த வகை எவ்வளவு அகலமானது என்று பார்க்க 1965 என்ற ஒரே ஆண்டு போதும். அந்த ஆண்டு ‘தண்டர்பால்’ வந்தது. கடலடிச் சண்டை, ஜெட் பேக், திருடப்பட்ட அணுகுண்டுகள் என்று பாண்ட் உச்சத்தில் இருந்த நேரம். அதே ஆண்டு ஜான் லெ காரேயின் நாவலை வைத்து ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ வந்தது. கறுப்பு வெள்ளை, களைத்துப்போன ரிச்சர்ட் பர்ட்டன், பெர்லின் சுவர். லெ காரே பிரிட்டனின் உளவு அமைப்புகளான எம்ஐ5 (உள்நாடு), எம்ஐ6 (வெளிநாடு) இரண்டிலும் வேலை பார்த்தவர். அவருடைய உளவாளிகள் தங்கள் தரப்பையே நம்ப முடியாதவர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கிய ‘கெட் ஸ்மார்ட்’ தொடங்கியதும் 1965-இல்தான். அதில் நாயகன் ஷூவைக் கழற்றிக் காதில் வைத்து போன் பேசுவார்.

அந்த ஆண்டின் நான்காவது உதாரணம் ‘தி இப்க்ரெஸ் ஃபைல்’. எனக்கு இதுதான் அந்த ஆண்டின் மிகச் சுவாரசியமான படம். தயாரித்தவர் பாண்ட் படங்களின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹாரி சால்ட்ஸ்மன். இசை ஜான் பேரி, அரங்க வடிவமைப்பு கென் ஆடம், படத்தொகுப்பு பீட்டர் ஹண்ட். மூவரும் ‘தண்டர்பால்’ படத்திலும் அதே வேலையைச் செய்தவர்கள். பாண்டைக் கட்டியெழுப்பிய கைகளே பாண்டுக்கு நேர் எதிரான ஒருவனையும் செய்திருக்கின்றன. மைக்கேல் கெய்ன் நடித்த ஹாரி பால்மர் கண்ணாடி போட்டவன். காலையில் எழுந்ததும் காபிக் கொட்டையை அரைக்கிறான், சூப்பர் மார்க்கெட்டில் காளான் டின் தேடுகிறான், அலுவலகத்தில் படிவம் நிரப்பி நிரப்பிச் சலித்துப்போகிறான். பித்தளை வாத்தியங்கள் முழங்கும் பாண்ட் இசைக்குப் பதிலாக சிம்பலம் என்ற தந்தி வாத்தியத்தை வைத்து ஜான் பேரி ஒரு சோம்பலான, சந்தேகம் நிறைந்த மெட்டைப் போட்டார். இந்தப் படத்தில் சண்டை குறைவு என்று சொல்பவர்கள், குறைத்தது தெரிந்தேதான் என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அடுத்த தவறு, மெதுவாகப் போகும் படத்தைக் கையில் போனோடு பார்ப்பது. கார் துரத்தலை அரைக் கவனத்தில் பார்க்கலாம், நஷ்டமில்லை. ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ போன்ற படத்தை அப்படிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தொலைந்துபோவீர்கள். பிபிசி 1979-இல் அலெக் கின்னஸை வைத்து ஏழு பகுதிகளாக நிதானமாகச் சொன்ன கதையை, 2011 திரைப்படம் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் அடக்கியது. விளக்கம் சொல்ல ஆளே கிடையாது. கேரி ஓல்ட்மன் நடித்த ஸ்மைலி, படம் தொடங்கி வெகுநேரம் வாயே திறப்பதில்லை. ஆனால் பிடிமானம் உண்டு. ஆரம்பத்தில் அவர் ஒரு புதுக் கண்ணாடி வாங்குகிறார். அதன்பிறகு எந்தக் காட்சியிலாவது பழைய கண்ணாடி தெரிந்தால், அது கடந்த காலம். இதைக் கவனித்தவருக்குப் படம் புரியும், கவனிக்காதவருக்கு “குழப்பமான படம்”.

கொப்போலாவின் ‘தி கான்வர்சேஷன்’ (1974) இதைவிடக் கண்டிப்பான படம். ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தான் பதிவுசெய்த ஓர் உரையாடலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். படத்தின் பெரும்பகுதி அதுதான். நல்ல ஹெட்போன் இல்லாமல் அதைப் பார்ப்பதும் ஒரு தவறே.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. அந்த ரகசிய ஆவணத்தில் என்னதான் இருக்கிறது, அந்த மைக்ரோஃபிலிம் எதற்கு என்று மண்டையை உடைத்துக்கொள்வது. ஹிட்ச்காக் இதை மெக்கஃபின் என்பார். எல்லாரும் அதைத் தேடி ஓட வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேலை. ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் ஒயின் பாட்டிலுக்குள் யுரேனியத் தாது இருக்கிறது. அது வைரமாக இருந்தாலும் கதை அப்படியேதான் போயிருக்கும், ஏனென்றால் படம் ஒரு திருமணத்துக்குள் நடக்கும் ஏமாற்றைப் பற்றியது. ‘மிஷன்: இம்பாசிபிள் 3’ (2006) இன்னும் துணிச்சலானது. எல்லாரும் துரத்தும் பொருள் என்னவென்று அது கடைசிவரை சொல்லவே இல்லை.

சரி, நகைச்சுவைப் படங்களுக்கு வருவோம். இங்கேதான் நம்மவர்கள் ரொம்ப அலட்சியமாக இருக்கிறார்கள். “ஜாலியான படம், ஒருமுறை பார்க்கலாம்” என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். உண்மையில் உளவுக் கேலிப் படங்களுக்குள்ளேயே பல ஜாதி உண்டு. ‘ஆஸ்டின் பவர்ஸ்’ (1997) குறிப்பிட்ட படங்களைக் குறிவைத்து அடிப்பது. அதில் வரும் டாக்டர் ஈவிலின் மொட்டைத் தலை, சாம்பல் உடை, தழும்பு, மடியில் பூனை எல்லாம் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ (1967) படத்தின் வில்லனிடமிருந்து வந்தவை. மூலத்தைப் பார்க்காமல் இதைப் பார்த்தால் பாதி சிரிப்பு போய்விடும். ‘டாப் சீக்ரெட்!’ (1984) அப்படியல்ல. போர்க்கால உளவுப் படத்தையும் எல்விஸ் பாணிப் பாட்டுப் படத்தையும் சேர்த்துப் பிசைந்து, தர்க்கத்தைக் காற்றில் பறக்கவிடுவது அதன் வேலை. ‘ஜானி இங்கிலிஷ்’ (2003) அசட்டு நாயகனின் கதை. எளிமையான படம்தான். ஆனால் அதன் திரைக்கதையில் பங்கேற்ற நீல் பர்விஸும் ராபர்ட் வேடும் அதற்கு முந்தைய ஆண்டு வெளியான பாண்ட் படத்தை எழுதியவர்கள். கேலி செய்யப்படுவது எது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

பிரான்ஸின் ஓஎஸ்எஸ் 117 கதை இதைவிட வேடிக்கை. ழான் ப்ரூஸ் அந்த உளவாளியை வைத்து 1949-இலேயே நாவல் எழுதத் தொடங்கிவிட்டார். பாண்டின் முதல் நாவல் வந்தது 1953-இல். அறுபதுகளில் ஓஎஸ்எஸ் 117 படங்கள் முழு சீரியஸாகவே வந்தன. 2006-இல் மிஷேல் ஹசனாவிசியஸ் அதே நாயகனை எடுத்து, 1955-இன் கெய்ரோவில் இறக்கிவிட்டார். ழான் துஜார்தானின் உளவாளிக்குத் தன் நாட்டைப் பற்றி அபார கர்வம், வந்திறங்கிய நாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பாங்குச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுந்துபோய் நிறுத்துகிறான். நாம் சிரிக்கிறோம், ஆனால் அடி விழுவது காலனிய மனப்பான்மையின் மேல். இதை வெறும் பாண்ட் கேலி என்று நினைத்துப் பார்ப்பவர் படத்தின் நல்ல பாதியைத் தவறவிடுகிறார்.

கேலிப் படம் மூலத்தையே திருத்திவிடுவதும் உண்டு. ஆஸ்டின் பவர்ஸுக்குப் பிறகு பழைய பாணியில் பாண்டை எடுப்பது கடினமாகிவிட்டது என்று டேனியல் கிரெய்கே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2006-இல் வந்த அவருடைய பாண்ட் அவ்வளவு இறுக்கமாக, வித்தைக் கருவிகள் குறைந்து இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நினைவிழந்த உளவாளியான ஜேசன் பார்னின் படங்கள் பெற்ற வெற்றி இன்னொரு காரணம்.

சீரியஸான படம்தான் உண்மைக்கு அருகில் இருக்கும், நகைச்சுவை தூரத்தில் இருக்கும் என்ற எண்ணத்தையும் தூக்கி எறிய வேண்டும். ‘அவர் மேன் இன் ஹவானா’ (1959) படத்தில், தூசி உறிஞ்சும் கருவி விற்பவர் ஒருவர் பிரிட்டிஷ் உளவுத் துறைக்கு வேலை பார்க்க ஒப்புக்கொள்கிறார். பணம் வேண்டும், தகவல் இல்லை. அதனால் இல்லாத ஆட்களைத் தன் உளவாளிகளாகக் கணக்கில் எழுதுகிறார். கருவியின் பாகங்களைப் பெரிதாக வரைந்து ரகசிய ஆயுதம் என்று அனுப்புகிறார். லண்டன் அசந்துபோகிறது. சுத்தக் கற்பனை போலத் தெரியும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ‘கார்போ’ என்ற பெயரில் இயங்கிய ஹுவான் புஜோல் கார்சியா இதைத்தான் செய்தார். இல்லாத 27 உளவாளிகளைக் கற்பனையில் உருவாக்கி, ஜெர்மனிக்கு அறிக்கை மேல் அறிக்கையாக அனுப்பினார். ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை விருது தந்தது. யாருக்காக ஜெர்மனியை ஏமாற்றினாரோ அந்த பிரிட்டனும் எம்பிஇ விருது தந்தது. கதையை எழுதிய கிரஹாம் கிரீன் போர்க்காலத்தில் எம்ஐ6-இல் இருந்தவர். போலி அறிக்கையை நம்பி அலுவலகமே ஆடும் கூத்து அவருக்குக் கற்பனை இல்லை.

மறுபக்கம், “உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது” என்ற வரியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் வரலாறாக எடுத்துக்கொள்வது. ‘ஆர்கோ’ (2012) படத்தில் விமான ஓடுதளத்தில் ஒரு துரத்தல் வரும். நகம் கடிக்க வைக்கும் காட்சி. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. கனடா தூதரகத்தார் ஒளித்துவைத்திருந்த ஆறு அமெரிக்கர்கள் 1980 ஜனவரியில் தெஹ்ரானிலிருந்து வெளியேறியபோது விமானம் கொஞ்சம் தாமதமானது, பிறகு கிளம்பிப் போனது. கனடாவின் பங்கை படம் குறைத்துக் காட்டியது என்று அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டரே பின்னாளில் சொன்னார். ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ (2006) படம் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் கண்காணிப்பை நுணுக்கமாகக் காட்டுகிறது. ஆனால் மனம் இளகும் ஸ்டாசி அதிகாரி என்ற மையக் கருவையே சிலர் ஏற்கவில்லை. முன்னாள் ஸ்டாசி சிறையை நினைவிடமாக நடத்தியவர், அப்படி ஒருவர் இருந்ததில்லை என்று சொல்லி அங்கே படமெடுக்க அனுமதி மறுத்தார். இதனால் படம் மோசமாகிவிடாது. அதை வைத்து வரலாறு பேசப் போகிறோம் என்றால் மட்டும் கொஞ்சம் படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

ஆண்டைப் பார்க்காமல் படம் போடுவதும் சிக்கல்தான். பெர்லின் சுவர் 1961-இல் எழுந்தது என்று தெரியாமல் லெ காரேயைப் பார்த்தால் பயம் பிடிபடாது. பாண்ட் திடீரென்று விண்வெளிக்குப் போவது ஏன் என்று ‘மூன்ரேக்கர்’ (1979) பார்ப்பவருக்குத் தோன்றும். 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வசூலை அள்ளியதுதான் காரணம். முந்தைய பாண்ட் படத்தின் கடைசியில் அடுத்தது வேறொரு படம் என்று அறிவித்திருந்தார்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு ராக்கெட் ஏறினார்கள். தமிழில் 1986-இன் ‘விக்ரம்’ படத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கடத்தப்பட்ட அக்னிபுத்திரா ஏவுகணையோடு விறுவிறுப்பாகத் தொடங்கி, சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியத்தில் நுழைந்ததும் வேறு படமாகிவிடும். முதல் பாதியின் அளவுகோலை இரண்டாம் பாதிக்கும் தூக்கிக்கொண்டு போனால் எரிச்சல்தான் மிஞ்சும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கடைசியாக வந்த படத்திலிருந்து தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ (1963), அப்புறம் ‘தி இப்க்ரெஸ் ஃபைல்’, அதற்கு மேல் லெ காரே, கேலிப் படங்கள் அதன்பிறகு. துரோகி யார் என்று தேடும் படமாக இருந்தால் நடிகர் பட்டியலைக்கூடப் பார்க்க வேண்டாம். சின்ன வேடத்தில் பெரிய நடிகர் இருந்தால் பதில் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், ‘கசினோ ராயல்’ என்று தேடிப் பார்ப்பவர்கள் ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2006 படம் கிரெய்கின் பாண்ட். 1967 படமோ, அந்த நாவலின் உரிமை வேறொரு தயாரிப்பாளரிடம் சிக்கியதால், ஐந்து இயக்குநர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து எடுத்த கேலிப் படம். டேவிட் நிவன், பீட்டர் செல்லர்ஸ், உடி ஆலன் எல்லாரும் இருக்கிறார்கள். ஜேம்ஸ் பாண்ட் என்ற பெயரும் ஒருவருக்கு மட்டுமல்ல, பலருக்கு உண்டு. சீட்டாட்டப் பதற்றத்தை எதிர்பார்த்து அதைப் போட்டுவிட்டால், கடைசிக் காட்சியில் கடல் சிங்கம் வரும்போது ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியாது.