டையாப்லோ 2: கெயினை காப்பாத்திட்டு அப்புறம் ஆண்டாரியல்

டையாப்லோ 2 கேம் ஆடுறவங்க ஆக்ட் 1ல, அதாவது கதையோட முதல் பகுதியில, கடைசி பாஸான ஆண்டாரியலை அடிக்கப் போறதுக்கு முன்னாடி ட்ரிஸ்ட்ராம் ஊர்ல கூண்டுல தொங்குற பெரியவர் டெக்கார்ட் கெயினை காப்பாத்திடுங்க, அப்புறம் கிடைக்கிற ஐட்டம் எல்லாத்தையும் அவரே ஃப்ரீயா ஐடென்டிஃபை பண்ணி, அதாவது அதோட சக்தி என்னன்னு கண்டுபிடிச்சுத் தருவாரு. அவரை விட்டுட்டு ஆண்டாரியலை முடிச்சா கேம்ப்ல இருக்குற ரோக் வீராங்கனைங்களே அவரைக் கூட்டிட்டு வந்துடுவாங்க, கதை நிக்காது, ஆனா ஐட்டத்துக்கு 100 கோல்டு கேப்பாரு, ஆரம்பத்துல அது நல்லாவே கடிக்கும்.

டார்க் வுட்ல இனிஃபஸ் மரத்துல ஸ்க்ரோலை எடுத்து கேம்ப்ல இருக்குற அகாரா கிட்ட குடுங்க, அவங்க சொல்ற வரிசையில ஸ்டோனி ஃபீல்டு கல்லுங்களைத் தொட்டா ட்ரிஸ்ட்ராமுக்குப் போற போர்ட்டல் திறக்கும். உள்ள முதல் டையாப்லோ கேம்ல கடை வெச்சிருந்த க்ரிஸ்வோல்டு ஜாம்பியா அடிக்க வருவான், கதை தெரிஞ்சவங்களுக்கு அது செம இடம். அங்க செத்துக் கிடக்குற வர்ட்ங்குற பையனோட பாடியையும் க்ளிக் பண்ணுங்க, கோல்டு கொட்டும்.

ஒரு டிஃபிகல்ட்டில காப்பாத்தினது அடுத்ததுக்கு செல்லாது, நார்மலுக்கு அடுத்த டிஃபிகல்ட்டியான நைட்மேர்ல மறுபடி பண்ணணும். கையில கோல்டு குவிஞ்சு கிடக்குற பழைய ஆளுங்க, ஃப்ரெண்டு இழுத்துட்டுப் போய் வேகமா முடிச்சுக் குடுக்குறவங்க இதுக்கு மெனக்கெட வேண்டாம்.