கோழிக்கூண்டு வாங்கும் முன்: வெயில், மழை, பாம்பு

2022 கடைசியில் கடைகளில் முட்டைத் தட்டுகள் காலியாகக் கிடந்ததும், டிசம்பரில் நாமக்கல் முட்டை கப்பலேறி இங்கே மலேசியாவுக்கு வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பினாங்கில் எங்கள் புக்கிட் மெர்தாஜம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து கோழி வளர்த்தால் என்ன என்று எனக்குத் தெரிந்த பலர் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். நல்ல யோசனை. ஆனால் கோழியை முதலில் வாங்கிவிட்டு, அது அட்டைப் பெட்டிக்குள் கத்திக்கொண்டிருக்கும்போது கூண்டைத் தேடினார்கள். அவசரத்தில் வாங்கிய அந்தக் கூண்டுகளில் சிலவற்றை நான் பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே தவறுகள்தான்.

படத்தைப் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. இணையத்தில் விற்கும் மரக்கூண்டுகள் கண்ணுக்கு அழகாக இருக்கும். முக்கோணக் கூரை, குட்டி ஜன்னல், ஏறி இறங்க ஏணி, நான்கு பக்கமும் பலகை. அது பனி கொட்டும் நாட்டுக்கு ஏற்ற அமைப்பு. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் காப்பதுதான் அதன் வேலை. பினாங்கில் நடுப்பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். விடியற்காலையில்கூட பெரும்பாலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே ஏறக்குறைய 41 டிகிரி. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, அந்த ஈரம் ஆவியாவதால்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் நிறைந்திருந்தால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். அலகைத் திறந்துகொண்டு, இறக்கைகளை உடம்போடு ஒட்டாமல் விரித்து நிற்கும் கோழி சூடு தாங்காமல் தவிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். முட்டை குறைவது அப்புறம். அந்த நிலை நீடித்தால் கோழியே போய்விடும்.

பிற்பகல் 2 மணிக்குக் கூண்டுக்குள் கையை விட்டுக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெறும் ஜிங்க் தகரமாக இருந்தால் ஒரு நொடிகூட வைத்திருக்க முடியாது. அந்தச் சூட்டுக்கு ஒன்றரை அடி கீழேதான் கோழி உட்கார்ந்திருக்கும். தகரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதன்மேல் அத்தாப்பு ஓலை பரப்பிக் கட்டினாலே பெரிய மாற்றம் தெரியும். மழை கொட்டும் சத்தமும் அடங்கும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, அதில் வலை அடித்தால் மேலே ஏறும் சூடான காற்று வெளியேறிவிடும். நீளமான பக்கங்கள் இரண்டும் முழுக்க வலையாகவே இருக்கட்டும். மழைச் சாரல் உள்ளே வராமல் இருக்க, பலகை அடிக்காமல் கூரையை இரண்டடி வெளியே நீட்டுங்கள். மாமரமோ வாழையோ நிழல் தரும் இடம் இருந்தால் கூண்டை அங்கே வைப்பதுதான் எல்லாவற்றையும் விட மேல்.

அடுத்தது வலை. இதைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். நிபோங் திபாலில் எங்கள் பெரியம்மா வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது. ஒரு நாள் காலையில் கூண்டைத் திறக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டு, "கோழி சத்தமே இல்லடா" என்றார். போய்ப் பார்த்தேன். ஐந்து கோழிகளில் மூன்று மேல் கட்டையில் ஒன்றோடு ஒன்று ஒட்டி, அசையாமல் நின்றன. கீழே மூலையில் ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. நடு உடம்பு பானைபோல் உப்பியிருந்தது. வந்த வழியாகத் திரும்ப முடியாமல் அங்கேயே படுத்துவிட்டது. அது வந்த வழியைப் பெரியம்மா விரலை வைத்துக் காட்டினார்: மழையில் ஊறிக் கோணிப்போன கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. 999ஐ அழைத்தோம், தீயணைப்பு வீரர்கள் வந்து பிடித்துப் போனார்கள். மீதி மூன்று கோழிகளும் பல நாள் முட்டையிடவில்லை.

ஹார்ட்வேர் கடையில் 'கோழிக் கம்பி' என்று சுருட்டி வைத்திருக்கும் அறுகோண வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். எதையும் உள்ளே வராமல் தடுக்காது. எலி அதில் நுழைந்துவிடும், குட்டிப் பாம்பும் நுழையும், நாய் இழுத்தால் பிய்ந்தும் போகும். துருப்பிடிக்காத பூச்சு கொண்ட, அரை அங்குலச் சதுர வெல்டிங் வலையாகக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான். கூண்டின் அழகில் மிச்சம் பிடித்து இதில் போடலாம். ஸ்டேப்ளர் பின்னை நம்பாமல் வாஷர் வைத்து ஸ்குரூ போடுங்கள். உடும்பும் எலியும் தோண்டும் என்பதால் கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்கவைத்து மேலே மண் போட வேண்டும். வீட்டுக் கூரைக்குள் மூசாங் என்கிற மரநாய் குடியிருக்கும் தாமான் குடியிருப்புகளில் கொக்கி மட்டும் போதாது. இழுத்துச் செருகும் தாழ்ப்பாள் தேவை. பாம்பு நுழைந்த அந்த இடைவெளி, மலிவான மென்மரக் கதவால் வந்தது. அந்த மரம் நம் மழையில் சீக்கிரம் உப்பும், கரையானும் ஏறும். இரும்புச் சட்டமே நல்லது. மரம்தான் வேண்டுமென்றால் கால்களைச் சிமெண்ட் கல்மேல் நிறுத்துங்கள்.

'ஆறு கோழிகளுக்கு' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். இரவு தங்கும் இடம் கோழிக்கு 4 சதுர அடி, பகலில் உலாவும் இடம் 10 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள கூண்டு இரண்டு கோழிக்குத்தான். நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிய்க்கும். எச்சம் குவிந்து அமோனியா வாடை எழும். தெரேஸ் வீடுகளில் அந்த வாடை உங்களுக்கு முன்பே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

முட்டைப் பெட்டி மூன்று நான்கு கோழிக்கு ஒன்று போதும். ஆனால் அது உட்காரும் கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக வைத்தால் கோழிகள் அதிலேயே தூங்கி அசிங்கம் செய்துவிடும்.

வாங்கும்போது யாரும் பார்க்காத ஒன்று, சுத்தம் செய்யும் கதவு. உங்கள் தோள்வரை உள்ளே போய், எதிர் மூலையை உங்கள் கை தொடுகிறதா என்று பாருங்கள். தொடாத மூலையில்தான் ஈரமும் புழுவும் சேரும். தரையில் போட உமி நல்லது. வயல்கள் இருக்கும் செபராங் பிறையில் அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கழுவி மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் பகுதி மாநகர் மன்றத்தில் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். கூண்டைக் கட்டி முடித்தபின் கேட்பது ரொம்பத் தாமதம். அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. விடியுமுன் கூவும் சேவல் இல்லாவிட்டால் பாதிப் புகார் எழாது.

பழைய கூண்டு மலிவாகக் கிடைத்தால், பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செள்ளு பகலில் கட்டையின் விரிசலுக்குள் ஒளிந்திருந்து, இரவில்தான் வெளியே வந்து ரத்தம் குடிக்கும். இருட்டியபின் டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளை டிஷ்யூவால் அழுத்தித் துடையுங்கள். டிஷ்யூவில் சிவப்புக் கோடு விழுந்தால் அந்தக் கூண்டு வேண்டாம்.