பினாங்கில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: மாலையிலிருந்து காலைக்குத் திட்டமிடுங்கள்

உல்லாசக் கப்பல் நிறுவனத்தின் பயணப் பட்டியலில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கப்பல் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ‘பாங்காக்’ என்று அச்சடித்திருப்பார்கள். கப்பல் நிற்பது லேம் சபாங் துறைமுகத்தில், நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ‘கோலாலம்பூர்’ என்றால் போர்ட் கிளாங். இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க அங்கிருந்து நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும். ஃபுக்கெட்டில் பல கப்பல்கள் பாதோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சிவிட்டு, ஆட்களைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்பும். படகுக்கு வரிசை, இறங்க வரிசை, திரும்பி வரவும் வரிசை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் தொடும் ஊர்களில் பினாங்குதான் நமக்குத் தோதானது. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையின் வாசலைத் தாண்டினால் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் ஆரம்பித்துவிடுகிறது. அதனால் பினாங்கையே வைத்துச் சொல்கிறேன். வழி எந்தத் துறைமுகத்துக்கும் ஒன்றுதான்.

நான் திருச்சிக் கோட்டத்தில் ரயில்வே கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தது. மகன் சிங்கப்பூரில் இருப்பதால் இந்தக் கப்பல் பழக்கம் வந்தது. உடன் வருபவர் மூட்டு வலியுள்ள என் மனைவி. ஆகவே நான் சொல்வது ஓடியாடும் இளைஞர்களுக்கான திட்டமல்ல.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில், கப்பல் புறப்படும் நேரத்தை எழுதுங்கள். மாலை 5 மணி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே, எல்லோரும் கப்பலுக்குள் இருந்தாக வேண்டிய நேரம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக வைப்பார்கள். 4 மணி என்று கொள்ளுங்கள். அதற்கும் மேலே உங்கள் சொந்தக் கெடு. துறை வாசலில் பாதுகாப்புச் சோதனை வரிசை இருக்கும், பிற்பகல் மழை வந்தால் டாக்சி கிடைக்காது. நான் 3.15 என்று எழுதுவேன். இனி தாளின் உச்சிக்குப் போங்கள். கப்பல் 8 மணிக்குக் கரை சேர்கிறது என்றால் 8 மணிக்கே இறங்கிவிடலாம் என்று பொருளல்ல. துறைமுக அதிகாரிகள் அனுமதி தர வேண்டும், கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாக் குழுக்கள் முதலில் இறங்குவார்கள், நாம் பிறகு. தரையில் கால் படும்போது 9 ஆகிவிடும். ஆக, கையில் இருப்பது ஆறே கால் மணி நேரம். காலையிலிருந்து கணக்குப் போடுகிறவர்கள் ‘எட்டிலிருந்து ஐந்து, ஒன்பது மணி நேரம்’ என்று நினைத்துக்கொண்டு மூன்று இடம் சேர்த்துவிடுகிறார்கள்.

கடிகாரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம்; தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். ஃபுக்கெட்டில் இறங்கியதும் கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றியிருக்கிறதா என்பது அந்தக் கப்பலைப் பொறுத்தது. மாற்றாமல் இருந்து, நீங்கள் கைப்பேசியை நம்பினால், உங்கள் கணக்கில் 3 மணியாக இருக்கும்போது கப்பலில் 4 மணி. முந்தைய இரவு அறைக்கு வரும் தினசரி நிகழ்ச்சித் தாளில் எந்த நேரம் என்று போட்டிருப்பார்கள். நான் கையில் கட்டும் பழைய கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவைப்பேன். அந்தத் தாளிலேயே உள்ளூர் கப்பல் முகவரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதைப் படம் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன்பே பார்க்க வேண்டியது சிங்கப்பூர் விசாவை. பினாங்கு போய்த் திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைவதாகும். விசா பலமுறை நுழைய இடம் தருகிறதா என்று பாருங்கள். மலேசியாவோ 2024 ஜனவரி முதல் வெளிநாட்டவரிடம் மின்னணு வருகை அட்டை கேட்கிறது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பல் பயணிகளுக்கு நடைமுறை எப்படி என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதில் குடிநுழைவு மேசையில் செல்லாது.

இப்போது தாளின் நடுப்பகுதி. பினாங்கில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: மலையா, ஊரா?

பினாங்கு மலைக்கு 1923 முதல் விஞ்ச் ரயில் ஓடுகிறது; இப்போதுள்ள பெட்டிகள் புதியவை, சில நிமிடங்களில் மேலே ஏற்றிவிடும். ஆனால் துறையிலிருந்து வெல்ட் கீ பஸ் நிலையத்துக்கு நடந்து, 204ஆம் எண் பஸ்ஸைப் பிடித்து, ஆயர் ஈத்தாம் நெரிசலைத் தாண்டி அடிவாரம் போக ஒரு மணி நேரம் என்று கொள்ளுங்கள். பஸ்ஸில் காசை உண்டியலில் போட வேண்டும், சில்லறை திரும்பி வராது. கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் டாக்சியில் அரை மணி. பிறகு டிக்கெட் வரிசை, ஏற வரிசை, மேலே ஒன்றரை மணி நேரம், இறங்க வரிசை. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் இறங்கும் வரிசைதான் கழுத்தை அறுக்கும். மலை வேண்டுமானால் அதையே முதலில் செய்யுங்கள். ‘ஊரைப் பார்த்துவிட்டு நேரம் இருந்தால் மலை’ என்ற திட்டம் வேண்டவே வேண்டாம். தூரத்து இடம் முதலில், துறைக்குப் பக்கத்து இடம் கடைசியில். நேரம் குறைந்தால் பக்கத்து இடத்தைத் தயங்காமல் வெட்டலாம்.

என் ஓட்டு ஊருக்கு. ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது. அதன் சாரம் துறையிலிருந்து நடை தூரத்தில் இருக்கிறது. வெளியே வந்ததும் விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு. அவர் ஆட்சியின் வைர விழாவுக்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபது அடி. அதைக் குறியாக வைத்துக்கொண்டால் திரும்பும் வழி தொலையாது. அருகே, 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. வெயிலில் உள்ளே சுற்ற நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் போதும். லைட் தெருவழியாக செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அங்கிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையில் தெற்கே நடந்தால் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், ஊதுவத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அடுத்த இணைத் தெருவான குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே பதினொன்றரைக்குள் அங்கே இருக்கும்படி வரிசையை அமையுங்கள். சற்றுத் தள்ளி, முன்பு சொன்ன சாலைக்குப் பெயர் தந்த, தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தைத் தவிருங்கள். இந்தச் சாலையோரத்திலேயே பணமாற்றுக் கடைகள் இருக்கின்றன. பலவற்றில் தமிழிலேயே விலை பேசலாம். கப்பலில் மாற்றுவதைவிட இங்கே மாற்றுவது லாபம்.

நடைபாதை பற்றி வரைபடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பழைய கடைவீடுகளின் முன்னால் மேல்மாடி நிழலில் ஓடும் ஐந்தடி நடைபாதைகள் வெயிலுக்கு இதம்தான், ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தளம் வேறு உயரம். பூப்போட்ட ஓடு முடிந்ததும் அரை அடிப் படி, அதை ஏறினால் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள், அதைச் சுற்றிப் போகத் தெருவில் இறங்கினால் மூடியில்லாத சாக்கடை வாய்க்கால். ஐம்பது அடிக்குள் என் மனைவி நாலைந்து முறை என் தோளைப் பிடிப்பார். ‘இதற்கு மலைக்கோட்டையே தேவலை, படி ஒரே அளவாக இருக்கும்’ என்றார் ஒருமுறை. முழங்கால் வலி உள்ளவர்கள் கூகுள் மேப்ஸ் காட்டும் நடை நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். நகர மையத்தைச் சுற்றி இலவச பஸ் ஒன்று ஓடுகிறது. நடக்க முடியாதவர்களுக்கு அதுவே போதும்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கப்பலில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று மதியம் திரும்பி ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், வேறென்ன சொல்ல. நாசி கண்டார் என்ற பினாங்குச் சாப்பாட்டில் நாலைந்து குழம்புகளைச் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவார்கள். வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சைவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது.

பிறகு ஆர்மேனியன் தெரு. 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிக் வரைந்த, நிஜ சைக்கிளில் குழந்தைகள் போகும் சுவரோவியம் அங்கேதான். படமெடுக்க வரிசை நிற்கும். வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தெருவின் கடல் பக்க முனையில், சாலையைக் கடந்தால் சியூ என்ற சீனக் குலத்தாரின், தண்ணீருக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் வீடுகள். பலகை இடுக்கில் தண்ணீர் தெரியும். மக்கள் குடியிருக்கும் இடம், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். அங்கிருந்து வெல்ட் கீ சாலையில் கடலை வலப்பக்கம் வைத்து வடக்கே நடந்தால், படகுத்துறையைத் தாண்டிக் கப்பல் வந்துவிடும். கால் மணி, மிஞ்சினால் அரை மணி. அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பினாங்கில் வேண்டாம், ஊரே காலடியில் இருக்கிறது. லேம் சபாங்கிலிருந்து பாங்காக் போவதென்றால் யோசிக்காமல் எடுங்கள். நிறுவனத்தின் சொந்தப் பஸ் தாமதமானால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். நீங்கள் பிடித்த டாக்சிக்காகக் காத்திருக்காது. அந்த விலையில் பாதி இந்தக் காப்புக்குத்தான்.

இறங்கும்போது கையில் வேண்டியவை: கப்பல் அட்டை, கடவுச்சீட்டின் நகல் (அசலைக் கொண்டுபோக வேண்டுமா என்பதை நிகழ்ச்சித் தாள் சொல்லும்), குடை, தண்ணீர், இணையமில்லாமல் பார்க்கத் தரவிறக்கிய வரைபடம். கப்பலுக்குள் கைப்பேசியை ‘ஃபிளைட் மோட்’டிலேயே வையுங்கள். நடுக்கடலில் அது பிடிக்கும் கப்பல் வலையமைப்பின் கட்டணம் தலையைச் சுற்றவைக்கும். கப்பலின் பஃபேயிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ கரைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஏறும்போது பையைச் சோதிப்பார்கள். மதுப் புட்டி வாங்கியிருந்தால் பெரும்பாலும் வாங்கிவைத்துக்கொண்டு பயண முடிவில்தான் தருவார்கள். துரியானை உள்ளே விடமாட்டார்கள், கடையிலேயே சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். பினாங்கின் ஜாதிக்காய் வற்றலை மூடிய பாக்கெட்டில் வாங்குங்கள். மிஞ்சும் மலேசிய ரிங்கிட் நாணயங்களைச் சிங்கப்பூரில் மாற்ற முடியாது, வெல்ட் கீ பக்கம் இளநீர் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.