வடசென்னையில் மனை விற்பனை முகவராகப் பதிவு பெறுவது எப்படி?

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வீடு காட்டிக் கமிஷன் பெறுகிற ஒவ்வொருவருக்கும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்று மறுசாரார் சொல்கிறார்கள். இரண்டும் சரியல்ல. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ரெராவில் பதிவான திட்டத்தில் கட்டுநர் விற்கும் மனையையோ வீட்டையோ விற்றுக்கொடுக்கும் முகவரைத்தான் பதிவு பெறச் சொல்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கிரவுண்டு நிலத்தில் இருந்த வீட்டை இடித்துக் கட்டும் ஆறு வீட்டு அடுக்ககம், 500 சதுர மீட்டருக்கும் எட்டு வீட்டுக்கும் உட்பட்டது என்பதால், அந்தப் பதிவுக்குள் வருவதில்லை. கைமாறும் பழைய வீடும் வாடகை வீடும் அப்படியே. ஆனால் மாதவரத்திலோ மணலியிலோ எழும் பெரிய குடியிருப்புக்கு ஒருவரை அழைத்துச் சென்று, விற்பனை முடிந்ததும் கட்டுநரிடம் கமிஷன் பெற நினைப்பவர், முதல் ஆளை அழைத்துச் செல்வதற்கு முன்பே பதிவு பெற்றிருக்க வேண்டும். எந்த ஊடகம் வழியாக அறிமுகம் செய்தாலும் முகவர்தான் என்று சட்டம் வரையறுப்பதால், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதோடு சரி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கித்தான் விண்ணப்பிக்க வேண்டும். தனிநபரா, கூட்டு நிறுவனமா, கம்பெனியா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டணமும் இணைக்க வேண்டிய ஆவணங்களும் அதைப் பொறுத்தே மாறும். தனிநபர் என்றால் பான் கார்டு, ஆதார், புகைப்படம், வருமானவரிக் கணக்கு விவரம், தொழில் நடத்தும் இடத்துக்கான முகவரிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். நம்மவர்களுக்குச் சிக்கல் வரும் இடம் பெரும்பாலும் இனிஷியல்தான். பான் கார்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக நிற்கும், வங்கிக் கணக்கில் அதுவும் இருக்காது. இவற்றை ஒன்றாக்கிய பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. டீக்கடை பெஞ்சையே அலுவலகமாகக் கொண்டு பல ஆண்டுகள் தொழில் செய்தவர்கள் இங்கே உண்டு. அவர்களும் விண்ணப்பத்தில் ஒரு முகவரியைக் காட்டியாக வேண்டும். கடை வாடகைக்கு என்றால் உரிமையாளருடன் எழுதிய ஒப்பந்தத்தை இணைக்கலாம்.

விண்ணப்பதாரர் தரப்பைக் கேட்காமல் ஆணையம் விண்ணப்பத்தை நிராகரிக்க முடியாது என்பது சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு. பதிவு கிடைத்தால் அது ஐந்து ஆண்டுகளுக்கும் தமிழ்நாடு முழுவதற்கும் செல்லும்; பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தனியாக எதுவும் வேண்டாம். ஆனால் எல்லை தாண்டித் தடாவில், ரெராவில் பதிவான திட்டத்தின் மனையை விற்பதென்றால் ஆந்திராவின் பதிவு வேண்டும்.

பதிவு எண் கிடைத்த பிறகுதான் கவனம் கூட வேண்டும். நீங்கள் முடித்துத்தரும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகங்களை முறையாக வைத்திருக்க வேண்டும். பதிவு செய்ய வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால் அதில் ஒரு மனையையும் விற்றுத்தரக் கூடாது. ஆகவே கட்டுநர் தரும் வண்ண நோட்டீஸை நம்பாமல், திட்டத்தின் பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதையும், அட்வான்ஸ் கொடுக்க வருபவரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. பதிவில்லாமல் விற்றாலோ முகவருக்கான கடமைகளை மீறினாலோ 62ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் ஏறும். அது விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம், அதாவது பல நேரங்களில் கிடைத்த கமிஷனைவிட அதிகம். மோசடியாகவோ தவறான தகவல் தந்தோ பெற்ற பதிவை ஆணையம் ரத்தும் செய்யலாம்.